மூன்றில் ஒரு பங்கு: வஸிய்யத்தும் நிலையான தர்மமும்

 

வீடு கட்டுவதற்கும் பிள்ளைகளின் திருமணத்திற்கும் பல ஆண்டுகள் முன்னதாகவே திட்டமிடுகிறோம். நமக்குப் பின் நம் பொருள் என்னவாகும் என்பதை மட்டும் வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிறோம். "தோப்பை மதரஸாவுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று நோய்ப்படுக்கையில் தந்தை கூறியதை அருகிலிருந்த மகன் கேட்டிருப்பார். வெளிநாட்டிலிருக்கும் மகன் கேட்டிருக்கமாட்டார். நன்மையாக முடிய வேண்டிய அச்சொல், உடன்பிறந்தோரைப் பிரிக்கும் வழக்காக மாறிவிடுகிறது.

வஸிய்யத் செய்வதற்குரிய பொருளை உடையவர், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அதைக் கேட்ட நாள் முதல் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள்.

எவ்வளவு எழுதலாம்? மக்காவில் கடும் நோயுற்றிருந்த ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு அப்போது ஒரே ஒரு மகள்தான் இருந்தார். தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கை, பின்னர் பாதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது நபியவர்கள் மறுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கை அனுமதித்து, அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவுடன் விட்டுச் செல்வதே சிறந்தது என்றும் அறிவுறுத்தினார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 13 லட்ச ரூபாய் விட்டுச் செல்கிறார். அடக்கச் செலவு, கடன், மனைவிக்குக் கொடுக்காத மஹர் ஆகியவற்றிற்கு 1 லட்சம் முதலில் கழியும். மீதி 12 லட்சத்தில் 4 லட்சம் வரை வஸிய்யத் செல்லும். எஞ்சும் 8 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 1 லட்சம். இரண்டு ஆண்மக்களுக்குத் தலா 2 லட்சம். மூன்று பெண்மக்களுக்குத் தலா 1 லட்சம். தர்மமும் நிறைவேறியது, எவருடைய உரிமையும் குறையவில்லை.

இவ்வரம்பை மீறிய வஸிய்யத்தும், வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் கூடுதலாக எழுதப்பட்ட வஸிய்யத்தும், எழுதியவரின் மறைவுக்குப் பின் ஏனைய வாரிசுகள் மனமுவந்து சம்மதித்தாலன்றி நிறைவேறா. தர்மத்தின் பெயரால் பெண்மக்களின் பங்கைக் குறைப்பது தர்மமாகாது.

எழுதுவது எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். சொத்தின் சர்வே எண், வங்கிக் கணக்கு, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், நிறைவேற்றுபவரின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, வாரிசல்லாத இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிடுவது நலம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் பிற்கால ஐயங்களைத் தவிர்க்கும். உயிருள்ளவரை அதனை மாற்றவும் இரத்துச் செய்யவும் நமக்கு உரிமை உண்டு.

கைபரில் கிடைத்த நிலத்தை விற்கவோ வாரிசாக அடையவோ இயலாதபடி நிறுத்தி, அதன் விளைச்சலை ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உரியதாக்கினார்கள் உமர் (ரலி) அவர்கள். அவ்வழியில் வாழ்நாளிலேயே வக்ஃபு செய்ய விரும்புவோர் ஒன்றை அறிய வேண்டும்: 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டத்தின்படி, எழுத்துப் பத்திரம் இன்றிப் புதிய வக்ஃபை உருவாக்க இயலாது. வாய்ச்சொல்லை நம்பியிருக்கும் காலம் கடந்துவிட்டது.

தர்மத்தைப் பெறும் ஜமாஅத்துகளாகிய நமக்கும் கடமை உண்டு. ஒரு சொத்து நம்மிடம் வரும்போது, "இவருடைய கடன் தீர்ந்ததா? பெண்மக்களுக்குப் பங்கு கிடைத்ததா?" என்று முதலில் கேட்போமாக. ஒருவரின் கண்ணீர் கலந்த பொருளால் பள்ளிவாசலின் ஒரு விளக்கும் எரிய வேண்டாம்.

தூய பொருளைத் தூய முறையில் விட்டுச் செல்லும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.