மாற்றத்தை முன்கூட்டிச் சொல்வோம்

(தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விடியலில் மழை பெய்தால் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. புறப்பட வேண்டிய தந்தை வீட்டிலேயே தங்கிவிடுவார். மற்றப் பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி. ஆனால் சில வீடுகளில் ஒரு பிள்ளை மட்டும் தந்தையைக் கதவுப்பக்கம் தள்ளும், அலறும், தன் கையையே கடித்துக்கொள்ளும். அப்பாவையே வெறுக்கிறதே என்று தாய் கலங்குவார். அடித்து வளர்க்காததால் வந்த பிடிவாதம் என்பர் அண்டை வீட்டார். இரண்டும் உண்மையல்ல. அப்பா போன பிறகே தன் காலைப்பொழுது தொடங்கும் என்பது அப்பிள்ளை அறிந்த ஒழுங்கு. அவ்வொழுங்கு சொல்லாமல் கொள்ளாமல் குலைந்துவிட்டது. அதுவே அதன் துன்பம்.

இந்நிலையை ஆட்டிசம் என்கிறோம். மதியிறுக்கம் என்றும் வழங்குவர். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எல்லாம் என்றும் ஒருபடித்தாகவே இருக்க வேண்டும் என்னும் அவர்களின் தீவிர விருப்பத்தை அன்றே அவர் குறிப்பிட்டார். பின்னர்ச் சிலர், தாயின் அன்புக்குறைவே இதற்குக் காரணம் என்று பழி சுமத்தினர். அப்பழி பொய்யென்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. மூளையின் வளர்ச்சி வேறுபட்டு அமைவதால் வருவது இது. வளர்ப்பின் குற்றமன்று, தெய்வக் குற்றமுமன்று. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் தொடங்கிய திட்டம் பெற்றோரையே துணைப் பயிற்றுநராக ஏற்றது. பிள்ளையை நன்கறிந்தவர் பெற்றோரே என்பது அதன் அடிப்படை.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? மாற்றத்தைத் தடுக்க நம்மால் இயலாது. அதனை முன்கூட்டிச் சொல்ல இயலும். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். படம் கண்முன் நிற்கும். ஓர் அட்டையில் பல் துலக்குதல், பசியாறுதல், பள்ளி, குளியல், உறக்கம் என அன்றைய செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்துங்கள். முடிந்த செயலின் படத்தைப் பிள்ளையே எடுத்துவிடட்டும். அடுத்து வருவது எது என்று தெரிந்தால் அச்சம் குறையும்.

அதனோடு ஒரு குடைப்படமும் வைத்துக்கொள்ளுங்கள். அது தோன்றினால் இன்று ஒன்று மாறும் என்று பொருள். மாறிவருவது எது என்பதையும் அதன் பக்கத்திலேயே ஒட்டிக் காட்ட வேண்டும். முதலில் இனிய மாற்றங்களைக் கொண்டே பழக்குங்கள். வழக்கமான பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பிள்ளை விரும்பும் வாழைப்பழம் வரலாம். குடைப்படம் தீமையின் அடையாளமன்று என்பது மெல்லப் பதியும்.

பெரிய மாற்றங்களும் உள. தோட்டங்கள் பல கைமாறியபோது, நம் மக்கள் லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததை அறிவோம். அப்படிப் பெயரவிருக்கும் குடும்பத்தில் இத்தகைய எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். புது வீட்டையும் படிக்கட்டையும் மின்தூக்கியையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து நாள்தோறும் காட்டலாம். குடியேறும் முன்னர் இரண்டு மூன்று முறை சிறிது நேரம் அழைத்துச் சென்று வரலாம். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அவனே கோடிடட்டும். அவனது பாய், தலையணை, தட்டு ஆகியவை கடைசியாகக் கட்டப்பட்டு முதலாவதாகப் பிரிக்கப்படட்டும். புதுப்பாய் வாங்கினோம் என்று பழைய பாயை எறிந்துவிடாதீர்கள். வீடு மாறலாம், குளியலுக்குப்பின் உணவு, உணவுக்குப்பின் உறக்கம் என்னும் வரிசை மாறலாகாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கடைக்குப் போகிறோம் என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை, அடுத்தமுறை நாம் காட்டும் படத்தை நம்பாது.

இவ்வளவு செய்தும் சில நாள் பிள்ளை அலறக்கூடும். அப்போது அடிக்கவும் வேண்டா, அறிவுரை கூறவும் வேண்டா. கூட்டத்தையும் ஓசையையும் விலக்கி, அமைதியான மூலையில் அதன் அருகே காத்திருங்கள். பிள்ளை அடங்கியபின் படத்தைக் காட்டுங்கள்.

இப்பொறுப்பு தாய் ஒருவரின் சுமையாகிவிடலாகாது. தந்தையும் பாட்டியும் உடன்பிறந்தாரும் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் காலம் தாழ்த்தாது அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்தினால் சமூகநலத் துறையில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை பெறலாம். சமூக மறுவாழ்வு நிலையங்களும், அரசாங்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உள்ளன. பதிவு செய்தால் பிள்ளைக்குப் பெயர்க்கேடு வந்துவிடும் என்று அஞ்சி ஒதுங்கினால், இழப்பு பிள்ளைக்கே.

பலன் ஒரு வாரத்தில் தெரியாது, மாதங்கள் ஆகலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வகை. எனினும், அடுத்த முறை விடியலில் வானம் இருண்டிருந்தால், பிள்ளை கண்விழித்தவுடன் குடைப்படத்தையும் அதன் பக்கத்தில் அப்பாவின் படத்தையும் வைத்துப் பாருங்கள். மழைநாளில் அப்பா வீட்டில் இருப்பார் என்பதும் ஓர் ஒழுங்குதான் என்று அப்பிள்ளை ஒருநாள் கற்றுக்கொள்ளக்கூடும்.