ஆங்கிலத்தில் வினையுரிச்சொல் பிறக்குமாறு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



உத்தியோகத்திற்கு விண்ணப்பம் எழுதிய நம் வாலிபர் ஒருவர், அதனைத் திருத்தித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தார். தாம் கடினமாக உழைத்ததைக் கூறக் கருதியவர், ‘ஐ ஹார்ட்லி வொர்க்ட்’ என்று வரைந்திருந்தார். அதன் பொருளோ, ‘யான் உழைக்கவில்லை என்றே சொல்லலாம்’ என்பதாம்! ஒரு விகுதியின் பிழையால் பிழைப்பே கெட இருந்தது. ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வோம்.

வினையானது எவ்வாறு, எப்பொழுது, எவ்விடத்து நிகழ்ந்தது என்பன போன்றவற்றை உணர்த்துவது வினையுரிச்சொல். தமிழில் ‘அழகு’ என்பதனோடு ‘ஆக’ சேர்த்து ‘அழகாக’ என்கிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயருரிச்சொல்லோடு ‘லி’ விகுதி சேரும். ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆகும். இவ்விகுதி, உடல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு மொழியில் இதற்கு நேரான விகுதியோ, மனம் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லினின்று தோன்றியது. நாம் ‘ஆகு’ என்னும் வினையைக் கொண்டோம். அவர்கள் உடலையும் மனத்தையும் கொண்டனர்.

விகுதி சேருங்கால் சில எழுத்துக்கள் திரியும். ‘ஹாப்பி’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ ஆக மாறி ‘ஹாப்பிலி’ பிறக்கும். ‘ஜென்டில்’ என்பது ‘ஜென்ட்லி’ ஆகும். ‘பேசிக்’ போல்வன இடையே ‘ஏ’, ‘எல்’ என்னும் ஈரெழுத்துப் பெறும். ‘பப்ளிக்’ என்பதோ அவை பெறாமல் ‘பப்ளிக்லி’ என்றே வழங்கும்.

அற்றேல், ‘ஹார்ட்’ என்பது ‘லி’ பெறாததேன்? பழைய ஆங்கிலத்தில் ‘ஈ’ என்னும் ஓரெழுத்தை ஈற்றிற் சேர்த்தும் வினையுரிச்சொல் ஆக்கினர். பிற்காலத்தில் அவ்வொலி தேய்ந்து மறைந்தது. ஆகவே ‘ஹார்ட்’, ‘பாஸ்ட்’ முதலியன இரு தொழிலுக்கும் ஒரே வடிவாய் நின்றன. ‘லி’ பெற்ற ‘ஹார்ட்லி’ வேறு பொருளிற் சென்றுவிட்டது. அங்ஙனமே ‘லேட்’ என்றால் தாமதமாக. ‘லேட்லி’ என்றால் அண்மையில்.

‘லி’ கண்ட இடமெல்லாம் வினையுரிச்சொல் எனவும் எண்ணற்க. பெயர்ச்சொல்லினின்று பிறந்த ‘பிரெண்ட்லி’ பெயருரிச்சொல்லே. ‘குட்’ என்பதற்கு உரிய வினையுரிச்சொல் ‘வெல்’. அது விகுதியால் ஆயதன்று.

வாலிபர்களே! விதியை அறிமின், விலக்கை அகராதியில் நோக்கி மனத்திற் பதிமின். அவ்விண்ணப்பத்தை யாம் ‘ஐ வொர்க்ட் ஹார்ட்’ எனத் திருத்திக் கொடுத்தோம். உழைத்தவன் உழைப்பை அவன் எழுத்தே மறுக்கலாகாது அன்றோ?