இரும்புக்கை மாயாவியும் எங்கள் லயமும்



டொக்டர் என்றால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது இரும்புக்கை மாயாவியைப் பற்றி.

1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் அவர். பிறப்பால் ஆங்கிலேயர், 1962இல் 'வேலியன்ட்' என்ற லண்டன் இதழில் தோன்றியவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். அப்படியே எதிரியின் கோட்டைக்குள் புகுந்து உளவு பார்ப்பார்.

ஏழாம் ஆண்டில், அட்டை கிழிந்த ஒரு பிரதி என் கைக்கு வந்தது. குப்பி விளக்கில் படித்தேன். படித்து முடித்ததும் ஒரே கவலை: இவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தால் எப்படி மறைவார்? கொத்மலை அணை 1985இல் திறந்தாயிற்று, நாட்டுக்கெல்லாம் மின்சாரம் போகிறது. எங்கள் லயத்தில் ஒரு பல்ப் இல்லை.

இப்போது பல்ப் எரிகிறது. (பிளக்கில் விரல் விட்டால் மறைய மாட்டீர்கள், தங்கச்சிமாரே. என் வார்ட்டுக்குத்தான் வருவீர்கள்.) ஆனால் என் மகள் படிக்கும் உளவுக் கதைகளில் இன்னும் லண்டன்தான்.

நமக்கு இடமா இல்லை? நீர் வற்றினால் அணைக்குள்ளிருந்து தலைகாட்டும் கடதொர விகாரை இருக்கிறது, பத்தடிக்கு அப்பால் ஆளை மறைக்கும் பனி இருக்கிறது. அம்மா பறித்த கொழுந்து தராசில் ஏறியதும் ஏன் குறைகிறது என்று துப்புத் துலக்க ஒரு பதினொரு வயதுக்காரி போதும்.

முதல் அத்தியாயத்தை எழுதி நம் நூலகத்தில் வைத்திருக்கிறேன். இரண்டாவதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதட்டும்.