அம்மன் கேட்காத கேள்வி



நாள் தள்ளிப்போகிறது. பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுகிறது. வீடே பூரிக்கிறது. “மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லிக்கலாம்” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, ஒரு நாள் காலையில் துணியில் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அந்த நொடியில் ஒரு பெண்ணின் வயிற்றில் இறங்கும் பயத்தைப் பற்றியும், அப்போது அவள் பற்றிக்கொள்ளும் கடவுளைப் பற்றியும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதலான செய்தி. முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. ஆகவே ரத்தத்தைப் பார்த்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்காக வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், நாப்கின் சீக்கிரமே நனைந்துபோகும் அளவுக்கு உதிரப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அப்போது ராகு காலம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் சொல்லுங்கள். ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஸ்கேன் அறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். திரை மருத்துவர் பக்கம் திரும்பியிருக்கிறது. படுத்திருப்பவளுக்குக் கூரையும் மின்விசிறியும்தான் தெரிகின்றன. ஒரு கை தாலியைப் பிடித்திருக்கிறது, உதடு சத்தமில்லாமல் அசைகிறது. “பை தெரியுதும்மா. துடிப்பு இன்னும் தெரியலை. நாள் கணக்கு முன்னபின்ன இருக்கலாம். பத்து நாள் கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம்” என்கிறார் மருத்துவர்.

அந்தப் பத்து நாள் பயத்துக்கு மாத்திரை கிடையாது. கரு தங்குமா தங்காதா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. படுத்த படுக்கையாகவே கிடந்தால் கரு நிலைத்துவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத இந்த இடத்தில்தான் நம்பிக்கை தன் வேலையைச் செய்கிறது. ஒருத்தி மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைக்கிறாள். ஒருத்தி வேளாங்கண்ணி மாதாவுக்குத் தொட்டில் கட்டுவதாக நேர்ந்துகொள்கிறாள். ஒருத்தி தொழுகை முடிந்ததும் கையேந்தி துஆ கேட்கிறாள். ராத்திரி தூக்கம் வராத நேரத்தில், “நீ பார்த்துக்கோ” என்று சொல்ல ஒருவர் இருப்பது பெரிய பலம். பயத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்தவள்தான் வேளைக்குச் சாப்பிடுவாள், ஃபோலிக் அமில மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்வாள், குறித்த தேதியில் ஸ்கேனுக்கும் போவாள்.

ஆனால் நம் வீடுகளில் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது? ரத்தம் படுகிறது, தீட்டு என்று சொல்லி, விளக்குக்கு முன் நிற்க வேண்டியவளை விலக்கி வைக்கிறோம். போதாததற்குக் கேள்விகள். பப்பாளி சாப்பிட்டியா? பஸ்ஸில் போனியா? கிரகணத்தன்று வெளியே வந்தியா? குலதெய்வத்துக்கு என்ன குறை வைத்தாய்?

தஞ்சாவூர் மாவட்டம் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை இருக்கிறாள். பிரசவம் சுகமாக வேண்டும் என்று அவள் சந்நிதியில் விளக்கெண்ணெய் வாங்கிச் செல்லாத கர்ப்பிணிகள் அந்தப் பக்கத்தில் குறைவு. அந்த ஊர்த் தலபுராணத்தில் வேதிகை என்றொரு முனிவர் மனைவி வருகிறாள். கணவர் நித்துருவர் வெளியே போயிருந்த சமயம், ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வாசலுக்கு வந்தார். கர்ப்ப அசதியில் வேதிகையால் எழுந்து உபசரிக்க முடியவில்லை. அவர் சபித்தார், கரு கலைந்தது. அவள் அழுது வேண்டியதும், அம்மன் அந்தக் கருவைக் குடத்தில் வைத்துக் காப்பாற்றிப் பிள்ளையாகக் கொடுத்தாள். நைத்துருவன் என்பது அந்தப் பிள்ளையின் பெயர். இந்தக் கதையில் குற்றம் கண்டுபிடித்தவர் முனிவர். அம்மனோ, “நீ ஏன் எழுந்திருக்கவில்லை?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைக் கும்பிடுகிற நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

கர்ப்பிணியின் மேல் குற்றம் இல்லை என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே நேர்ந்துவிடும் குரோமோசோம் கோளாறு. அவள் நடந்ததாலோ, குனிந்ததாலோ, கோபப்பட்டதாலோ அது வருவதில்லை. வேண்டுதல் பலித்தால் நன்றி சொல்லுவோம். பலிக்காமல் போனால், அவள் பக்தியில் குறை இருந்ததாக யாரும் கணக்குப் போட வேண்டாம். ஒருமுறை கரு நிற்காதவர்களில் பெரும்பாலானோர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

மாமியார்களுக்கும், அம்மாக்களுக்கும், முக்கியமாகக் கணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் அவளைத் தனியாக விடாதீர்கள். ஸ்கேனுக்குக் கூடவே போங்கள். திருநீறு பூசிவிடுங்கள், செபம் செய்யுங்கள், ஓதிவிடுங்கள், மருத்துவர் சொன்ன மாத்திரையையும் நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள். முடிவு எதுவானாலும், “உன் மேல ஒரு தப்பும் இல்லை” என்று அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். சாமியின் பெயரால் ஒரு பெண்ணுக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம் அது.