மணிக்கூட்டு பெட்டரியில் எரியும் டோர்ச்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் மன்னார் போய் வந்த குழுவினர் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பள விஷயம் கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நாங்கள் பேச எழுந்தது டோர்ச் லைட்டைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

போன மாதம் நம் கிளையிலிருந்து ஆறு பேர் மன்னாருக்குப் போனோம். மன்னார் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் பூட்டன் பூட்டி கடல் தாண்டி வந்து கால் வைத்த கரை அது. அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்துதான் மலைக்கு வந்தார்கள். 2023 இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 77 இலும் 83 இலும் அடிபட்டு மலையை விட்டுப் போன நம் சனங்கள் பலர் வவுனியா, மன்னார், கிளிநொச்சிப் பக்கம் குடியேறி அங்கேயே வாழ்கிறார்கள். அந்த உறவுகளைப் பார்க்கத்தான் போனோம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது அங்கே அருவியாறு பெருகி வெள்ளம் புகுந்தது, இங்கே மலை சரிந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மண்ணுக்குள் போனவர்களையும் சேர்த்து நாட்டில் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்கள் எப்படித் தப்பினார்கள், நாம் எப்படித் தப்பினோம் என்று உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்று இருந்தோம்.

பேசாலையில் நம் உறவுக்காரப் பெண் ஒருத்தி கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டில்தான் இராத்தங்கினோம். மீன் குழம்பும் சோறும் தட்டில் விழுந்த நேரம் கரண்ட் போய்விட்டது. உடனே நாங்கள் ஆறு பேரும் போனை எடுத்து லைட்டைப் போட்டோம். அந்த வீட்டு அம்மம்மா சொன்னார்: “ஏன் பிள்ளையள் எல்லாரும் போனைத் தூக்குறியள்? அதை வையுங்கோ. நாளைக்குக் கதைக்கத் தேவைப்படும்.” சொல்லிக்கொண்டே கதவு நிலைப் பக்கம் கையை நீட்டி, ஆணியில் தொங்கிய ஒரு சின்ன டோர்ச்சை எடுத்தார். இருட்டில் தடவக்கூட இல்லை. இருபது வருடமாக அது அதே ஆணியில்தான் தொங்குகிறதாம். டோர்ச் மாறியிருக்கிறது, ஆணி மாறவில்லை.

அது விரல் நீளமும் கொஞ்சமும் இருக்கும். ஒரே ஒரு பெட்டரி, பென்டோர்ச் பெட்டரி என்று கடையில் கேட்போமே, அது. சுவர் மணிக்கூட்டில் போடுவதும் அதுதான். வீட்டுக்காரர் படகுக்குக் கொண்டு போகும் டோர்ச்சும் அதே சைஸ். மாற்று பெட்டரி இரண்டைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிச் சாப்பாட்டு வாளியோடு வைத்திருக்கிறார். போனை இன்னொரு பையில் சுற்றி வைத்திருக்கிறார். கடலில் அதை வெளிச்சத்துக்கு எடுக்கவே மாட்டாராம். “வெளிச்சம் போனால் விடியும் வரைக்கும் இருக்கலாம். போன் போனால் நான் எங்கே நிக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

இதைக் கேட்டதும் எங்களில் ஒரு தோழி சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அவர் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். நவம்பர் 28 இரவு லயத்துக்குப் பின்னால் மண் இறங்கும் சத்தம் கேட்டு, மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினார். போனில் சார்ஜ் 11 சதவீதம். பாதை முழுக்கச் சேறு, படி எங்கே கான் எங்கே என்று தெரியாது. போன் லைட்டைப் போட்டுக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்தபோது போன் செத்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அந்தத் தம்பி இரண்டு நாள் டிவியில் வந்த படங்களைப் பார்த்து அக்கா குடும்பமே போய்விட்டது என்று நினைத்து அழுதிருக்கிறான். அவர் செய்ததில் பிழை ஏதும் இல்லை. கையில் ஒரு டோர்ச் இருந்திருந்தால் அந்த 11 சதவீதம் தம்பிக்குப் போயிருக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கும் போயிருக்கும்.

இப்போது நம் கிளை செய்த தவறைச் சொல்ல வேண்டும். முந்திய வருடம் கிளை நிதியிலிருந்து இருபது டோர்ச் வாங்கிக் கொடுத்தோம். பெரிய வெளிச்சம், கைப்பிடி, பக்கத்தில் டியூப் லைட் மாதிரி ஒன்று, கரண்டில் குத்திச் சார்ஜ் போடும் வகை. கடையில் காட்டியபோது எதிர் மலை தெரிந்தது. நாமும் மயங்கிவிட்டோம். புயல் நேரத்தில் எத்தனை எரிந்தது என்று வீடு வீடாகக் கேட்டோம். நாலு. மற்றதெல்லாம் அலமாரி மேல் மாதக்கணக்கில் கிடந்து உள்ளே இருந்த பெட்டரி வற்றிப்போனது. மலிவான சார்ஜ் டோர்ச் பலவற்றில் சின்ன ஈய பெட்டரி வைத்திருப்பார்கள். அதை வெறுமையாகக் கிடக்க விட்டால் திரும்ப உயிர் வராது. எரிந்த நாலும் இரண்டாம் இரவே நின்றது. கரண்ட் இல்லாத தோட்டத்தில் எங்கே குத்திச் சார்ஜ் போடுவது? சூரிய ஒளி விளக்கும் வாங்கலாம், தவறில்லை, ஆனால் அடை மழையில் நாலு நாள் சூரியனையே காணாதபோது அது பாதி வெளிச்சம்கூடத் தராது.

ஆகவே எந்த டோர்ச் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அதற்குப் போடும் பெட்டரி நம் தோட்டத்துக் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதை அடைபட்டு டவுனுக்குப் போக முடியாத நாளிலும் அது கிடைக்க வேண்டும். நம் கடைகளைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மணிக்கூட்டுக்குப் போடும் பென்டோர்ச் பெட்டரி, மற்றது அதைவிட மெல்லிய, டிவி ரிமோட்டுக்குப் போடுவது. முந்தியகாலத்துப் பெரிய பெட்டரி சில கடைகளில்தான் உண்டு. தாத்தாமார் வைத்திருந்த மூன்று பெட்டரி வெள்ளித் தகர டோர்ச்சை நாங்கள் குறை சொல்லவில்லை. நாயும் பயந்தது, பன்றியும் பயந்தது. ஆனால் அதன் பல்ப் மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாகத்தான் விட்டது. இப்போதைய எல்ஈடி டோர்ச் சின்ன பெட்டரியிலேயே அந்த வெளிச்சத்தைத் தருகிறது.

எங்கள் யோசனை, பென்டோர்ச் பெட்டரி ஒன்றில் அல்லது இரண்டில் எரியும் எல்ஈடி டோர்ச். மணிக்கூடு இல்லாத லயத்து அறை ஏதாவது உண்டா? வேறு பெட்டரியே இல்லாத இரவில் மணிக்கூட்டிலிருந்து கழற்றிப் போடலாம். நேரம் நின்றால் நிற்கட்டும். ரேடியோவும் அதே பெட்டரியில் ஓடினால் இன்னும் நல்லது. டோர்ச்சில் மங்கிப்போன பெட்டரியைத் தூக்கி எறியாமல் மணிக்கூட்டில் போடுங்கள், பல மாதம் ஓடும். மணிக்கூட்டுக்குத் தேவைப்படும் மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். மூன்று ரிமோட் பெட்டரி போடும் டோர்ச் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஒரு தொல்லை உண்டு. பெட்டரி சோடியாக வாங்குவோம், ஒன்று மிஞ்சும், அந்தப் பழையதைப் புதியதோடு கலந்து போடுவோம். கலந்தால் பலவீனமானது முதலில் வற்றி ஒழுக ஆரம்பிக்கும்.

பெட்டரியிலும் இரண்டு சாதி உண்டு. மலிவானது கார்பன், விலை கூடியது அல்கலைன். அல்கலைன் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் கார்பன் போதும். டோர்ச்சில் அல்கலைன் இரண்டு மூன்று மடங்கு நேரம் எரியும், அதற்கு மேலும் எரியலாம். வாங்கி வைத்தாலும் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் கெடாது. வருடத்தில் பத்து நாள் எடுக்கும் டோர்ச்சுக்கு அதுதான் இலாபம். மேலே அச்சிட்டிருக்கும் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததை வாங்காதீர்கள்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? பெட்டியில் லூமன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அதுதான் வெளிச்சத்தின் அளவு. அறைக்குள் 20 போதும். பாதையில் நடக்க 100 இருந்தால் தாராளம். ஆயிரக்கணக்கில் எண் போட்ட மலிவு டோர்ச்சை நம்ப வேண்டாம், ஒரு பென்டோர்ச் பெட்டரியால் அதைக் கொடுக்கவே முடியாது. கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். குறைத்து வைத்தால் ஒரு நல்ல பெட்டரி ஓர் இரவு முழுக்க எரியும், கூட்டி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம்தான். கூட்டி வைக்க வேண்டிய நேரமும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் அறிவிப்பு வரும் வரை மலை காத்திருக்காது. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்றுபோன தண்ணீர், இவற்றை இருட்டில் பார்க்க வேண்டியிருக்கும். போன் லைட் காலடியைக் காட்டும், மேல் மண்மேட்டைக் காட்டாது. அதைப் பார்த்துக்கொண்டும் நிற்க வேண்டாம், அடையாளம் தெரிந்தால் கிளம்புங்கள்.

பிள்ளை தூக்கும் தாய்மார் ஒன்று கேட்டார்கள்: ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மூட்டை, டோர்ச்சை எந்தக் கையில் பிடிப்பது? நெற்றியில் கட்டும் லைட் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று ரிமோட் பெட்டரி, நாங்கள் சொன்ன தொல்லை அதில் உண்டு, இருந்தாலும் கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை வாங்குங்கள். இல்லையென்றால் பின்பக்கம் ஓட்டை உள்ள டோர்ச்சாகப் பார்த்துக் கயிறு கட்டிக் கழுத்தில் போடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான் பெட்டரி லைட்டைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். அந்த பெட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டைக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

குப்பி விளக்கு இருக்கும்போது டோர்ச் எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு குப்பி சரிந்தால் எத்தனை அறை எரியும் என்று நாம் பார்த்திருக்கிறோம். விஜய கொடகும்புர என்ற நம் நாட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர், குப்பி விளக்கால் வெந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், சரியாத விளக்கு ஒன்றைச் செய்தார். மார்மைட் போத்தலைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். குட்டையான தடித்த கண்ணாடி, தட்டையான பக்கம், திருகு மூடி. உருண்டு போகாது, விழுந்தாலும் எண்ணெய் கொட்டாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் அப்படிப்பட்டதை வையுங்கள். படுக்கும்போது அணைத்துவிட்டு டோர்ச்சைப் பக்கத்தில் வையுங்கள்.

பேசாலை அம்மம்மா இன்னொன்றும் காட்டினார். உப்புக் காற்றில் டோர்ச்சுக்குள் இருக்கும் சுருள் கம்பி துருப்பிடிக்கும் என்று மாதம் ஒரு தடவை கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பார். இங்கே உப்பு இல்லை, பனிமூட்டம் இருக்கிறது, வேலை அதேதான். நாள்பட எடுக்காத டோர்ச்சிலிருந்து பெட்டரியைக் கழற்றி, சின்ன உறையில் போட்டு டோர்ச்சோடு கட்டித் தொங்க விடுங்கள். கழற்ற மனமில்லாதவர்கள் பெட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கடதாசித் துண்டைச் செருகலாம். இழுத்தால் எரியும். வெள்ளைப் பொடி கசிந்திருந்தால் கையால் தொடாதீர்கள். அல்கலைன் கசிவு என்றால் வினாகிரி நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய வையுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் இருட்டுப் பாதையில் வருகிறார்கள். அந்தப் பாதைக்கு விளக்குப் போட வேண்டியது நிர்வாகம். நாம் டோர்ச் வாங்கிவிட்டோம் என்று அந்தக் கோரிக்கையை யாரும் மடித்து வைக்க முடியாது. கடிதம் போயிருக்கிறது, பதில் வரும் வரை கேட்போம்.

கிளை நிதியில் இந்த முறை ஒற்றை பெட்டரி டோர்ச்சும் வீட்டுக்கு நாலு அல்கலைன் பெட்டரியும் வாங்கலாம் என்று கமிட்டிக்குச் சொல்லியிருக்கிறோம். விலை ஒரு நாள் சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் பார்க்கிறோம். வாங்கும் முன் மாதிரிக்கு மூன்று வகை கொண்டு வந்து, ஒரே இரவில் எரிய விட்டுப் பார்ப்போம். அடுத்த ஞாயிறு மாலை பிள்ளை மடுவத்துக்கு உங்கள் வீட்டில் கிடக்கும் டோர்ச்சையும் கொண்டு வாருங்கள். துடைக்காமல், பெட்டரி மாற்றாமல், இருக்கிறபடியே கொண்டு வாருங்கள். லைட்டை அணைத்துவிட்டு எத்தனை எரிகிறது என்று எண்ணுவோம்.