வீதியும் மழைநீரும்



வீதிச் சீர்திருத்தம் என்றதும் அகலிப்பதும் தார் இடுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. ஆயினும், ஒரு வீதியின் தரத்தை இரண்டு கேள்விகளால் அளக்கலாம் என்பது என் கருத்து. அவ்வீதியில் ஒரு மூதாட்டி அச்சமின்றி நடந்து செல்ல முடிகின்றதா? அவ்வீதியில் விழும் மழைநீர் எங்கே போய்ச் சேர்கின்றது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை எடுத்துக்கொள்வோம். செம்மண் தோட்டங்களுக்கும் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. 1974ஆம் ஆண்டில் அங்கே பல்கலைக்கழகம் எழுந்தது. மாணவர் வந்தனர், விடுதிகளும் கடைகளும் பெருகின, தோட்டக் காணிகள் வீட்டு மனைகளாயின. 2009இல் போர் முடிந்தபின் இம்மாற்றம் மேலும் விரைவுற்றது. இவ்வளர்ச்சியை நாம் வெறுக்கவேண்டியதில்லை. ஆனால், ஊர் நகரமாகும்போது எதை இழக்கின்றது என்பதைக் கணக்கிடத்தான் வேண்டும்.

முன்னர் ஒழுங்கைகளின் இருமருங்கும் பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற வேலிகள் இருந்தன. நடப்போருக்கு அவை நிழல் தந்தன. தோட்டத்திற்குக் குழை தந்தன. மழைநீரைத் தடுக்காது நிலத்துள் இறங்கவிட்டன. இன்று பல இடங்களில் அவ்வேலி நின்ற நிலத்தில் சீமெந்து மதில் நிற்கின்றது. மதில் காணிக்குக் காவல் தரும். நிழலும் குழையும் தராது.

குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பது நீங்கள் அறியாததன்று. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை கொண்டுவரும் மழையே சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கி நம் கிணறுகளில் நன்னீராகின்றது. அந்நன்னீரின் கீழே உவர்நீர் காத்திருக்கின்றது. இறங்குவது குறைந்து இறைப்பது மிகுந்தால் உவர் மேலெழும். ஆகவே, மழைநீரை விரைந்து கடலுக்கு அனுப்பும் வடிகால் நகரத்தாருக்கு ஒரு நாள் வசதி. கமக்காரருக்கோ ஆண்டு முழுவதும் நட்டம். வடிகால் அடைபட்டாலோ நீர் வீட்டுக்குள் புகுகின்றது. 2008இல் நிஷாப் புயலும் 2020இல் புரெவிப் புயலும் கொணர்ந்த வெள்ளத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். குளமும் கேணியும் தரவையும் வெள்ளத்தைத் தாங்கி, மெல்ல நிலத்துக்குக் கொடுத்தன. யாழ்ப்பாண நகரில் 2021ஆம் ஆண்டு ஆரியகுளம் புதுப்பிக்கப்பட்டபோது மக்கள் மாலை வேளைகளில் அங்கே கூடினர். குளம் ஒன்றைப் பேணினால் பொதுவெளி ஒன்றும் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

எனவே மூன்று காரியங்களை வேண்டுகின்றேன். முதலாவது, வீதியை அகலிக்கும்போதே நடைபாதைக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் இடம் ஒதுக்கி, ஓரத்தில் மரம் நடவேண்டும். இரண்டாவது, வடிகாலைக் குளத்துடன் இணைக்கவேண்டும். வீதி அழுக்கை நேரே கிணற்றருகே விடுதல் தவறு. மண்ணும் கழிவும் முதலில் ஒரு தொட்டியில் படிந்தபின்னரே நீர் குளம் சேரவேண்டும். மூன்றாவது, குளத்தையும் தரவையையும் எவரும் நிரப்ப இடங்கொடுத்தல் ஆகாது.

இதற்குத் தடை பணம் மட்டுமன்று. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம். சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம். ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்திடம். மழைநீரோ இவ்வெல்லைகளை அறியாது. பள்ளம் நோக்கியே ஓடுகின்றது. ஒருவர் கட்டிய வடிகால் மற்றவருடைய மதகில் முட்டி நின்றால் பயன் யாது? ஆகையால், வேலை தொடங்குமுன் மூவரும் ஒரே படத்தின்மீது கூடி ஆராயவேண்டும். அப்படம் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படவேண்டும்.

பொறியியலாளர்களே, உங்கள் அளவுகோலைக் கொண்டு வாருங்கள். கமக்காரர்களே, எந்த மாரியில் எந்த ஒழுங்கையில் எவ்வளவு நீர் நின்றது என்ற உங்கள் அறிவைக் கொண்டு வாருங்கள். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி நல்ல வீதி அமையாது. அடுத்த மாரி வருமுன்னரே இப்பணியைத் தொடங்குவோமாக.