நன்றிக்கு ஒரு விலாசம்

லாட்டரியில் பெரிய தொகை விழுந்தவருக்குக் காலைச் சிற்றுண்டி முன்னைவிட ருசிக்குமா? அமெரிக்காவில் பிலிப் பிரிக்மன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்கள் இருவரும் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார்கள். 1978-இல் முடிவுகள் வெளிவந்தன. இல்லினாய் மாநில லாட்டரியில் பரிசு பெற்ற 22 பேரிடம் பேசினார்கள். பரிசு எதுவும் விழாத 22 பேரிடமும் பேசினார்கள். கேட்டதெல்லாம் மிகச் சாதாரணமான விஷயங்கள். நண்பரோடு பேசிக்கொண்டிருப்பது, தொலைக்காட்சி பார்ப்பது, காலைச் சிற்றுண்டி, ஒரு நல்ல நகைச்சுவைத் துணுக்கு, யாராவது பாராட்டுவது, பத்திரிகை படிப்பது. இவை உங்களுக்கு எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டார்கள். பரிசு விழுந்தவர்கள் கொடுத்த மதிப்பெண் மற்றவர்கள் கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தது. மொத்தத்திலும் அவர்கள் அப்படியொன்றும் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை.

சின்ன ஆய்வுதான். இருபத்திரண்டு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. அதே இட்டிலி, அதே நாக்கு. பெரிய இன்பம் ஒன்று வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டதும், சின்ன இன்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகின்றன.

நமக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைக்கலாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து லாட்டரிச் சீட்டே கிடையாது! ஆனால் நம் வீடுகளிலும் பரிசு விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மின்விசிறி வந்தது. சமையல் எரிவாயு வந்தது. வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வந்தது. வந்த அன்றைக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நாளில் பழகிப்போயிற்று. இப்போது மின்சாரம் நின்றால்தான் தலைக்கு மேல் ஒரு விசிறி இருப்பது ஞாபகம் வருகிறது.

சென்னைக்காரர்களுக்கு 2019-ஆம் ஆண்டுக் கோடை மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. தெருவெல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரித் தூக்கத்தைத் தொலைத்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பயணிகள் இல்லாத ரயில். 50 வேகன்கள், அவற்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அமைச்சர்கள் போய் அந்த ரயிலை வரவேற்றார்கள். அன்றைக்கு ஒரு குடம் தண்ணீருக்கு இருந்த மரியாதை பட்டுப்புடவைக்கு இல்லை.

பிறகு மழை பெய்தது, ஏரி நிறைந்தது. குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகிற பழக்கமும் திரும்பி வந்துவிட்டது. இதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை. கிடைத்ததைப் பழக்கமாக்கிக்கொண்டு அடுத்ததைத் தேடிப் போவது மனத்தின் சுபாவம். அப்படித் தேடியதால்தான் மனிதன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். ஆனால், கைவிட்டுப் போன பிறகுதான் ஒன்றின் அருமை தெரிய வேண்டுமா? கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வழி கிடையாதா?

ஒரு வழி, எழுதி வைப்பது. ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களில் சிலரை, நன்றியோடு நினைக்கக்கூடிய விஷயங்களை வாரம் ஒரு முறை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை அந்த வாரத்துத் தொல்லைகளை எழுதச் சொன்னார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் சோன்யா லியுபோமிர்ஸ்கி என்பவர் சகாக்களோடு செய்த இன்னோர் ஆய்வில் ஒரு வேடிக்கை தெரிந்தது. வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அதாவது, நன்றி சொல்வதும்கூடப் பழகிப்போய்விடுகிறது. தினமும் குடும்பம், உடல்நலம், வேலை என்று எழுதிக்கொண்டே போனால், அது வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல ஆகிவிடும். பெயர் கூப்பிடுகிறார் ஆசிரியர், 'உள்ளேன் ஐயா' என்று குரல் வருகிறது. நிமிர்ந்து யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நன்றிக்கு எண்ணிக்கையைவிட விவரம் முக்கியம். ஒரு சின்ன இன்பம் யார் யார் கைமாறி, எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று தெரிந்துகொண்டால், அது லேசில் பழகிப்போகாது. கடிதத்தைப் போலவே நன்றிக்கும் ஒரு விலாசம் வேண்டும்.

காப்பியையே எடுத்துக்கொள்வோம். காலங்காலமாக நம்மோடு இருப்பதாக நாம் நினைக்கிற காப்பி, உண்மையில் நேற்று வந்த விருந்தாளி. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூல் ஒன்றுக்கு வைத்த தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பதுதான். காப்பி வருவதற்கு முன்னால் காலை வேளையில் பழைய சோறும் நீராகாரமும்தான். காப்பி வீட்டுக்குள் நுழைந்தபோது, இது கெட்ட பழக்கம் என்று கண்டித்தவர்கள் நிறையப் பேர்.

ஆனால் செடி முன்பே வந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற சூஃபி ஞானி, ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். நம் பக்கத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும், பழனி மலையிலும், நீலகிரியிலும் காப்பி விளைகிறது.

கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழைக்காகக் காப்பிச்செடி காத்திருக்கும். அந்த மழை விழுந்து பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் வாசனை. இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அது காயாகிப் பழுக்கப் பல மாதங்கள் ஆகும். ஒரு கிளையில் இருக்கும் எல்லாக் காயும் ஒரே நாளில் சிவப்பதில்லை. ஆகவே பறிக்கிறவர் அதே செடிக்கு மறுபடி மறுபடி போக வேண்டும். பச்சையை விட்டுவிட்டுச் சிவந்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். மலைச்சரிவில் கால் வழுக்கும், ஈரத்தில் அட்டை ஏறும். பறித்த பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்து, அலசி, களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். ஏறக்குறைய 6 கிலோ பழம் பறித்தால் 1 கிலோ கொட்டை தேறும். வறுத்தால் எடை இன்னும் குறையும்.

சிக்கரி சேர்த்துக் குடிக்கிறவரா நீங்கள்? அது குஜராத், உத்தரப் பிரதேச வயல்களில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த வேர். பால், நம் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் யாரோ ஓர் அம்மா கறந்து கொண்டுவந்து ஊற்றியது. அது குளிரூட்டும் நிலையத்துக்குப் போய், பாக்கெட்டாகி, நாம் புரண்டு படுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வேனில் ஏறி, விடிவதற்குள் வாசலுக்கு வந்துவிடுகிறது. சர்க்கரைக்குப் பின்னால் கரும்பு வெட்டியவர் இருக்கிறார். கடைசியில் அடுக்களை. ஃபில்டரில் பொடியைப் போட்டு, துளைத்தட்டால் லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை விட்டு மூடினால், டிகாஷன் தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கும். மேலே இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கலாம். அதற்கெல்லாம் அது மசிவதில்லை.

இதையெல்லாம் நினைத்து ஒவ்வொரு வாய்க்கும் உருகிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போய்விடும். இன்றைக்குப் பழம் பறித்தவரை நினைத்துக்கொள்ளலாம். நாளைக்குப் பால் வேன் ஓட்டுநரை. ஒரு டம்ளரிலேயே பல நாளைக்கு நினைக்க ஆள் இருக்கிறது.

சரி, யாரும் தயாரிக்காத இன்பங்கள்? மே மாதத்துச் சென்னையில் மதியத்துக்கு மேல் வருகிற கடற்காற்றுக்கு யாரிடம் போய் நன்றி சொல்வது? வெயிலில் தரை சீக்கிரம் சூடேறுகிறது, கடல் மெதுவாகத்தான் சூடேறுகிறது. தரையின் மேலுள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்தைப் பிடிக்க உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாள்களில் அதற்கு வழி கிடைப்பதில்லை. அந்த நாள்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. 2003-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட ஒரு நாளில் ஜன்னல் திரை கொஞ்சம் அசைந்தால் வீட்டில் எல்லார் முகமும் அந்தப் பக்கம் திரும்பும்.

காற்றுக்கு விலாசம் கிடையாதுதான். ஆனால் காற்று வாங்க உட்காருகிறோமே, அந்த இடத்துக்கு உண்டு. 1880-களில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடலோரமாக உலாவும் பாதை அமைத்து, மெரினா என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் அங்கே மணலில் உட்காரச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. 1930-இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வீட்டில் ரேடியோப் பெட்டி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்றோடு பாட்டும் இலவசம். இப்போது விடியற்காலையில் போனால், முந்தின நாள் கூட்டம் போட்டுவிட்டுப் போன காகிதத் தட்டுகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் பொறுக்கிக்கொண்டிருக்கும் துப்புரவுப் பணியாளர்களைப் பார்க்கலாம். இயற்கை தரும் காற்றைச் சுகமாக வாங்குவதற்கும் சில மனிதர்களின் குனிந்த முதுகு தேவைப்படுகிறது.

விவரமாக நன்றி சொல்வது நமக்குப் புதிய வழக்கமும் இல்லை. மாட்டுப் பொங்கலன்று, உலகத்துக் கால்நடைகளுக்கெல்லாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. நம் தொழுவத்து மாட்டைக் குளிப்பாட்டி, அதன் கொம்புக்கு வண்ணம் பூசி, அதன் வாயில் பொங்கலை ஊட்டுகிறோம். ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்கும் சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம். பொட்டு வைப்பதோடு நிற்பதில்லை. அந்தந்த நாளில் மாட்டை ஏரில் பூட்டுவதில்லை. தையல் மிஷின் ஓடுவதில்லை. உழைத்ததற்கு ஓய்வு கொடுப்பதுதான் அந்த நன்றி.

ஆனால் அந்த நாள்களிலும் ஓய்வு கிடைக்காத ஒருவர் வீட்டில் இருக்கிறார். மாட்டுக்குப் பொங்கல் வைத்தவரும், ஆயுதங்களுக்குச் சுண்டல் தாளித்தவரும் அவர்தான். எல்லாருக்கும் சுடச்சுடக் காப்பி கொடுத்துவிட்டு, தன் டம்ளரை மேடையில் மறந்துவிட்டு, ஆறின பிறகு நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகும் அம்மா, அல்லது மனைவி, அல்லது அண்ணி. நம்முடைய சின்ன இன்பம் பல வீடுகளில் அவருடைய பெரிய வேலை. வீட்டு ஆள்களுக்கு நன்றி சொல்ல நமக்குக் கூச்சம் வேறு. மிஞ்சிப் போனால், 'இன்னிக்குக் காப்பி நல்லாருக்கு' என்போம். சில நாள் அதுவும் இல்லை. சர்க்கரை கம்மி என்றால் மட்டும் தவறாமல் குரல் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இருப்பதைக் கொண்டு சந்தோஷமாக இரு' என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது நல்ல வார்த்தை. கூலி கூடுதலாகக் கேட்கிற தோட்டத் தொழிலாளியிடம் அதைச் சொன்னால், அது வாயை அடைக்கிற வார்த்தை. அவருக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. நன்றி என்பது வாங்கிக்கொண்டவரின் கடமை. கொடுத்தவரை அடக்கி வைக்கும் கயிறாக அது ஆகக்கூடாது.

ஆகவே நேயர்களே, நன்றியை மனத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாமல், விலாசம் தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். பூக்கார அம்மாவிடம் முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாமல் இருப்பது ஒரு நன்றி. கடற்கரையில் சுண்டல் தின்ற காகிதத்தைக் குப்பைத் தொட்டிவரை எடுத்துப் போவது ஒரு நன்றி. பால் போடும் தம்பியின் பெயரைத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது ஒரு நன்றி.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை சொல்கிறேன். தினமும் உங்களுக்குக் காப்பி போட்டுத் தருகிறவரை அன்று அடுக்களைப் பக்கம் விடாதீர்கள். நீங்களே டிகாஷன் இறக்குங்கள், பாலைப் பொங்கவிடாமல் காய்ச்சுங்கள், நுரை வர ஆற்றி அவர் கையில் கொடுங்கள். முதல் தடவை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். சர்க்கரை கம்மி என்று அவர் சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போய் எடுத்து வாருங்கள்.